டன்னேஜ் சட்டம்

கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, முதல் கப்பலில் ஏறியபோது கடல்மோதல் தடுப்பு விதிகளை வரி பிசகாமல் ஒப்பிக்கச் சொன்னார்கள். கோல்ரெக் என்போம். 1972இல் எழுதப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்தவை. பள்ளியில் குறள் ஒப்பித்த பழக்கம் கைகொடுத்தது. விதி 15 இன்றும் எனக்குத் தூக்கத்தில் வரும். இரண்டு இயந்திரக் கப்பல்கள் குறுக்கே வந்தால், எதற்கு மற்றது வலப்பக்கத்தில் தெரிகிறதோ அது விலகிப்போக வேண்டும். எதிரே வருவது தூத்துக்குடித் தோணியா, விமானந்தாங்கிக் கப்பலா என்று விதி கேட்பதில்லை.

நான் ஒப்பித்து முடித்ததும் கேப்டன் சொன்னார்: "நல்லா சொல்றே தம்பி. இப்ப புத்தகத்துல இல்லாத விதி ஒண்ணையும் கேட்டுக்கோ. பெருசு வந்தா சிறுசு ஒதுங்கணும். அதுக்குப் பேரு டன்னேஜ் சட்டம்."

கப்பலை ஓட்டும் மேடையான பிரிட்ஜில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எந்த நாட்டுக் கப்பலில் ஏறினாலும் இந்த நகைச்சுவை நமக்காகக் காத்திருக்கும்.

அந்தச் சட்டத்தால் நானும் பிழைத்தவன்தான். மீன்பிடித்துக் கொண்டிருக்கும் படகுக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்கிறது விதி 18. ஒரு லட்சத்து எழுபதாயிரம் டன் இரும்புத்தாதுடன் போகும் கப்பல் நினைத்த மாத்திரத்தில் நிற்காது, திரும்பாது. முழு வேகத்திலிருந்து நிற்கச் சில கிலோமீட்டர் வேண்டும். வியட்நாம் கரைக்கு வெளியே இரவு வாட்சில் நூறு படகு விளக்குகளுக்கு நடுவே போகும்போது, அவர்கள் விலகிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் பல தடவை போயிருக்கிறேன். விலகிக்கொண்டார்கள். கப்பலின் நாட்பதிவேடான லாக்புக்கில் அதை யாரும் எழுதுவதில்லை. 'விதிகள் அடிப்படையிலான உலக ஒழுங்கு' சரிகிறது என்று பத்திரிகைகளில் படிக்கும்போதெல்லாம் அந்தப் படகு விளக்குகள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

2016 ஜூலையில் பிரேசிலிலிருந்து சிங்தாவ் துறைமுகத்துக்குத் தாது ஏற்றிப்போன கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்தேன். கடல்வரைபடங்களைத் திருத்தி வைப்பது செகண்டின் வேலை. தென்சீனக் கடலின் வரைபடத்தை விரித்தால் நடுவில், ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டம் இருக்கும் இடத்தில், 'டேஞ்சரஸ் கிரவுண்ட்' என்று அச்சடித்திருக்கும். அபாயகரமான தளம். திட்டுகளும் பவளப்பாறைகளும் சரியாக அளக்கப்படாத ஆழங்களும் நிறைந்த இடம். வணிகக் கப்பல்கள் அதற்கு மேற்கே ஒதுங்கிப்போகும், அல்லது பலவான் தீவை ஒட்டிக் கிழக்கே போகும். நடுவில் யாரும் போவதில்லை. அந்தப் பெயரை வைத்தவர்கள் பாறைகளை நினைத்து வைத்தார்கள்.

எங்கள் போசன், அதாவது மேல்தள மாலுமிகளின் தலைவர், பிலிப்பைன்ஸ்காரர், லூசோன் தீவின் சம்பாலேஸ் மாகாணம். கப்பலுக்கு வருமுன் அப்பாவுடன் மீன்பிடித்தவர். செகண்ட் ஆபீசரை பிலிப்பினோக்கள் 'செக்' என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் வரைபட மேசையில் குனிந்து பார்த்துவிட்டு, "செக், இதுதான் கர்புரோ" என்று ஒரு புள்ளியில் விரல் வைத்தார். வரைபடத்தில் ஸ்கார்பரோ ஷோல் என்றிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பாறையில் மோதிய ஆங்கிலக் கப்பலின் பெயர் அது. சம்பாலேஸ் மீனவர் வாயில் தேய்ந்து கர்புரோ ஆகிவிட்டது. மணிலா அரசின் பெயர் வேறு, பெய்ஜிங்கின் பெயர் வேறு. புயல் வந்தால் உள்ளே ஒதுங்கிக்கொள்ளலாம், முக்கோண வடிவில் பாறை சூழ்ந்த பெரிய குளம் மாதிரி என்றார். லூசோனிலிருந்து சுமார் 120 கடல் மைல்.

2012 ஏப்ரலில் அந்தக் குளத்துக்குள் எட்டுச் சீனப் படகுகள் நின்றதை பிலிப்பைன்ஸ் கடற்படை பார்த்தது. ஏறிச் சோதித்தார்கள். ராட்சதச் சிப்பிகள், பவளம், உயிருடன் சுறா. சோதிக்கப் போன கப்பல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை நாற்பது வருடத்துக்கு மேல் ஓட்டிக் கழித்துக் கொடுத்தது, ஆனால் பிலிப்பைன்ஸிடம் இருந்ததிலேயே பெரிய போர்க்கப்பல் அதுதான். கைது செய்யுமுன் சீன அரசுக் கப்பல்கள் நடுவில் வந்து நின்றன. இரண்டு மாதம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்துச் சீனத் துறைமுகங்களில் பிலிப்பைன்ஸ் வாழைப்பழத்தில் பூச்சி இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். பழம் பெட்டி பெட்டியாக அழுகியது. ஜூனில் அமெரிக்கா நடுவில் பேசி, இரு தரப்பும் விலகுவதாக ஏற்பாடு என்று மணிலா நம்பியது. பிலிப்பைன்ஸ் கப்பல்கள் திரும்பின. சீனக் கப்பல்கள் திரும்பவில்லை. அன்றிலிருந்து கர்புரோ அவர்கள் கையில்.

மணிலாவிடம் மிச்சமிருந்தது காகிதம். 2013 ஜனவரி 22 அன்று ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் கீழ் நடுவர் மன்றம் கேட்டு சீனாவுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். சீனா 1996இலேயே அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடு. ஆனாலும் வழக்குக்கு வர மறுத்துவிட்டது. மன்றத் தலைவராக முதலில் நியமிக்கப்பட்டவர் இலங்கையின் கிறிஸ் பின்டோ. அவர் மனைவி பிலிப்பைன்ஸ் நாட்டவர் என்பதால் விலகிக்கொண்டார். கானாவின் தாமஸ் மென்சா தலைவரானார். இந்தச் சட்டத்தைப் பெற்றெடுத்ததில் கொழும்புக்கும் பங்கு உண்டு. 1973இல் தொடங்கிய கடல்சட்ட மாநாட்டுக்கு 1980இல் இறக்கும்வரை தலைமை வகித்தவர் ஷெர்லி அமரசிங்க. நம் கரையோரங்களில் இந்தப் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

தீர்ப்பு 2016 ஜூலை 12 அன்று வந்தது. நாங்கள் அப்போது டேஞ்சரஸ் கிரவுண்டுக்கு மேற்கே, வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கப்பலுக்குத் தினமும் மின்னஞ்சலில் ஒரு செய்தித்தாள் வரும், நாலு பக்கம். சமையல்காரர் அதை அச்செடுத்து மெஸ் கதவில் ஒட்டுவார். அன்று அதன் முன்னால் பிலிப்பினோக்கள் எல்லோரும் நின்றார்கள். இந்தக் கடலின் பெரும்பகுதி தனது என்று சீனா வரைபடத்தில் போட்டிருக்கும் ஒன்பது துண்டுக் கோட்டுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது மன்றம். ஸ்ப்ராட்லியில் எதுவுமே 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் கோரத் தகுதியான தீவு அல்ல என்றும், கர்புரோவில் இரு நாட்டு மீனவர்களுக்கும் பரம்பரை உரிமை உண்டு, தடுத்தது தவறு என்றும் சொன்னது. பாறை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை மட்டும் தொடவில்லை. அந்த அதிகாரம் மன்றத்துக்கு இல்லை. போசன் கேட்டார்: "அப்ப என் தம்பி நாளைக்கு மீன்பிடிக்கப் போகலாமா, செக்?" நான் பதில் சொல்லாமல் காபி கலக்கினேன். ஏற்றியிருந்த தாது சிங்தாவுக்குப் போகிறது, சம்பளம் அதிலிருந்து வருகிறது என்பது மெஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஊர் திரும்பிய பிறகு தீர்ப்பை முழுக்கப் படித்தேன். ஐந்நூறு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட வரும். பெரும்பகுதி எனக்குக் களைப்பு தந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் கடைசிப் பகுதியில் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2012 ஏப்ரலிலும் மே மாதத்திலும் கர்புரோவுக்கு அருகே சீன அரசுக் கப்பல்கள் பிலிப்பைன்ஸ் கப்பல்களின் மூக்கருகே அதிவேகமாகப் பாய்ந்து குறுக்கே போன சம்பவங்களை மன்றம் எடுத்துக்கொள்கிறது. கேப்டன் குர்ப்ரீத் சிங்ஹோட்டா என்பவரைத் தனி நிபுணராக நியமித்து அறிக்கை வாங்குகிறது. விதி 2, 6, 7, 8, 15, 16 மீறப்பட்டன என்று முடிவு சொல்கிறது. காவல் பணியின் அவசரத்துக்கும் கோல்ரெக்குக்கும் முரண் வந்தால் கோல்ரெக்தான் நிற்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். நான் கேடட்டாக ஒப்பித்த அதே விதி 15. ஹேக் நகரத்து அமைதி மாளிகையில் உட்கார்ந்து ஐந்து கிழவர்கள் டன்னேஜ் சட்டம் என்று ஒரு சட்டம் கிடையாது என்று எழுதியதாகத்தான் எனக்குப் பட்டது.

பெய்ஜிங் இதைக் குப்பைக் காகிதம் என்றது. தீர்ப்பு வருமுன்பே ஓய்வுபெற்ற மூத்த ராஜதந்திரி தாய் பிங்குவோ வாஷிங்டனுக்கே போய், வரப்போவது வெறும் காகிதம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வாஷிங்டன் அன்று சட்டத்தின் பக்கம் நின்று பேசியது. தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்றது. இதைப் படித்தபோது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அமெரிக்கா அந்தக் கடல்சட்ட உடன்படிக்கையை இன்றுவரை ஏற்கவில்லை. செனட்டில் முழு வாக்கெடுப்புக்கே வரவில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது: இந்த வழக்கில் பிலிப்பைன்ஸுக்காக வாதாடிய தலைமை வழக்கறிஞர் பால் ரைக்லர்.

இந்த மனிதரைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா தெரியவில்லை. அமெரிக்கர். 1984இல் இளம் வழக்கறிஞராக இருந்தபோது சொந்த நாட்டுக்கு எதிராகவே உலக நீதிமன்றத்தில் நிகரகுவாவுக்காக வழக்குப் போட்டவர். அந்த வருடத் தொடக்கத்தில் நிகரகுவாவின் துறைமுகங்களில் சி.ஐ.ஏ. கண்ணிவெடி வைத்தது. வந்துபோன பல நாட்டுக் கப்பல்கள் சேதமாயின. மாலுமி என்ற முறையில் இதை எளிதில் கடக்க முடியவில்லை. துறைமுக வாயிலில், எந்தக் கொடி வரும் என்று தெரியாமல், எல்லோருக்குமாக வைப்பது கண்ணி.

வழக்கு வரப்போவது தெரிந்ததும் 1984 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா ஒரு கடிதம் கொடுத்தது: மத்திய அமெரிக்க விவகாரங்களில் அடுத்த இரண்டு வருடம் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்க மாட்டோம், இந்த நொடியிலிருந்து. மூன்று நாள் கழித்து ஏப்ரல் 9 அன்று நிகரகுவா வழக்கைத் தாக்கல் செய்தது. நீதிமன்றம் அமெரிக்காவின் 1946ஆம் வருடத்துப் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தது. விலகுவதானால் ஆறு மாத முன்னறிவிப்பு தருவோம் என்று அதில் அவர்களே எழுதிக்கொடுத்திருந்தார்கள். வழக்கு நிற்கும் என்று நீதிபதிகள் சொல்ல, 1985 ஜனவரியில் அமெரிக்கா எழுந்து வெளியே போய்விட்டது. 1986 ஜூன் 27 அன்று தீர்ப்பு, பெரும்பாலான முடிவுகள் 12க்கு 3. அப்போது நீதிமன்றத்தின் தலைவர் இந்தியாவின் நாகேந்திர சிங். அமெரிக்கா சட்டத்தை மீறியது, இழப்பீடு தர வேண்டும் என்றது தீர்ப்பு. அமெரிக்கா தரவில்லை. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி பாதுகாப்பு அவைக்கு வந்த தீர்மானத்தை 1986 அக்டோபரில் வீட்டோ செய்தது.

அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக 11 நாடுகள் கை தூக்கின. அதில் ஒன்று சீனா. உலக நீதிமன்றத்தின் தீர்ப்பை முழுதாக, உடனடியாக நிறைவேற்று என்று.

முப்பது வருடம் கழித்து அதே வழக்கறிஞர் வேறொரு சின்ன நாட்டுக்காக, வேறொரு பெரிய நாட்டுக்கு எதிராக அதே ஊரில் நிற்கிறார். பெரிய நாடு முன்னதைப் போலவே வர மறுக்கிறது, தீர்ப்பைக் காகிதம் என்கிறது. நிகரகுவாவை நினைவில்லையா என்று சீனப் பத்திரிகைகள் கேட்டன. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நியாயமான அந்தக் கேள்வியை யார் கேட்கலாம் என்று யோசித்தால், 1986இல் கை தூக்கியவர்களால் கேட்க முடியாது, வீட்டோ போட்டவர்களால் அதற்குப் பதில் சொல்லவும் முடியாது. ஒழுங்கு எப்போது தளர ஆரம்பித்தது என்று தேதி தேடுகிறவர்கள் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்ட 2014 என்கிறார்கள், உக்ரைனுக்குள் படையோடு நுழைந்த 2022 என்கிறார்கள், அமெரிக்கா இராக்கில் நுழைந்த 2003 என்கிறார்கள். எந்தத் தேதி சொன்னாலும் அதற்கு முந்தைய தேதி ஒன்று கிடைக்கும். பெரிய கப்பல் வழிவிட்ட நாட்களைப் பார்த்தால், பெரும்பாலும் வழிவிடுவதில் அதற்குச் செலவில்லாத நாட்களாகத்தான் இருக்கும்.

சின்ன நாடுகளை இங்கே புனிதர்களாக்கிவிடக் கூடாது. நிகரகுவாவையே பாருங்கள். 1990 தேர்தலில் அப்போது ஆண்டுகொண்டிருந்த ஓர்ட்டேகாவின் சாண்டினிஸ்டா கட்சி தோற்று வயலெட்டா சமோரோ வந்தார். அமெரிக்க உறவு வேண்டியிருந்தது, 1991இல் இழப்பீட்டு வழக்கைத் தாங்களாகவே கைவிட்டார்கள். பிறகு ஓர்ட்டேகா திரும்பி வந்தார். எதிர்ப்பவர்களை எல்லாம் சிறையில் போட்டார். 2022 மார்ச்சில் ரைக்லர், நாற்பது வருடத்துக்கு அருகே உடன்நின்ற வழக்கறிஞர், ஓர்ட்டேகாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிவிட்டு விலகினார். அதே வருடம் அக்டோபரில், உக்ரைனின் நான்கு பகுதிகளை ரஷ்யா தன்னோடு சேர்த்துக்கொண்டது செல்லாது என்ற ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 143 நாடுகள் ஆதரித்தன, ஐந்து எதிர்த்தன. ரஷ்யா, பெலாரஸ், வடகொரியா, சிரியா, நிகரகுவா. சின்ன நாட்டின் எல்லையைப் பெரிய நாடு மீறக்கூடாது என்று உலக நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கிக்கொடுத்த நாடு அது.

இந்தியா என்ன செய்தது என்று கேட்பீர்கள். ரைக்லர் நமக்கு எதிராகவும் நின்றிருக்கிறார், வங்கதேசத்துக்காக. வங்கக் கடலில் எல்லை வழக்கு. தென்சீனக் கடல் வழக்கின் ஐவரில் மூவர், மென்சா, வுல்ஃப்ரம், கோட், அங்கேயும் நடுவர்கள். 2014 ஜூலை 7 அன்று தகராறிலிருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தார்கள். இந்தியா ஏற்றுக்கொண்டது. என்ரிக்கா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல் விஷயத்திலும் அப்படித்தான். 2012 பிப்ரவரியில், கர்புரோ சண்டைக்கு இரண்டு மாதம் முன்பு, கேரளக் கரைக்கு வெளியே அந்தக் கப்பலில் காவலிருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுட்டவர்களை இந்தியா விசாரிக்க முடியாது, இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020இல் நடுவர் மன்றம் சொன்னது. 10 கோடி ரூபாய் வந்தது, 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது. கசப்பாக இருந்தது, ஆனாலும் விழுங்கினோம். இதற்காக நமக்கு நாமே மாலை போட்டுக்கொள்ளவும் நான் தயாரில்லை. டாக்காவின் நட்பு அந்தக் கடல் பரப்பைவிட மதிப்பு என்று தில்லி கணக்குப் போட்டிருக்கும். விலை கட்டுப்படியானது, கொடுத்தோம். ஆனால் கணக்கு எதுவாக இருந்தாலும், பெரிய கப்பல் விலகியது. அதுவும் லாக்புக்கில் இருக்கட்டும்.

போசன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் 2016 பிலிப்பைன்ஸ் அதிபர் தேர்தலில் துத்தெர்த்தேவுக்கு ஓட்டுப்போட்டவர். ஜெட்ஸ்கியில் போய் அந்தப் பாறைகளில் கொடி நடுவேன் என்று பிரசாரத்தில் சொன்னவருக்கு மீனவர் வீட்டில் ஓட்டு விழாமல் என்ன செய்யும். பதவியேற்ற இரண்டாம் வாரத்தில் தீர்ப்பு கையில் கிடைத்தது. அவர் அதை மடித்து வைத்துவிட்டு பெய்ஜிங்குக்குக் கடன் வாங்கப் போனார். 2020இல் ஐ.நா. பொதுச்சபையில் இந்தத் தீர்ப்பு பேரத்துக்கு அப்பாற்பட்டது என்று முழங்கினார். 2021 மே மாதம் தொலைக்காட்சியில், இது வெறும் காகிதம், குப்பைத் தொட்டியில் போடுவேன் என்றார். ஜெட்ஸ்கியா? அது நகைச்சுவை, நம்பியவர்கள் முட்டாள்கள் என்றார். போசன் அந்த வாரம் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை இங்கே எழுத முடியாது. இப்போது துத்தெர்த்தே இருப்பது ஹேக்கில். 2025 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வாரண்டில் கைதாகி, போதை ஒழிப்புக் கொலைகளுக்காக. அமைதி மாளிகை அதே ஊரில்தான். அவரைப் பிடித்துக் கொடுத்த, அவருக்குப் பின் அதிபரான மார்கோஸின் அரசுக்கும் துத்தெர்த்தே குடும்பத்துக்கும் பகை முற்றியிராவிட்டால் அந்த விமானம் கிளம்பியிருக்குமா என்பதையும் மறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டேஞ்சரஸ் கிரவுண்டின் கிழக்கு ஓரத்தில், பலவானிலிருந்து சுமார் 105 கடல் மைல் தூரத்தில், செகண்ட் தாமஸ் ஷோல் என்ற பாறைத்திட்டு இருக்கிறது. அதன் மேல் ஒரு கப்பல் ஏறி நிற்கிறது. சியெரா மாட்ரே. 1944இல் அமெரிக்காவின் இந்தியானாவில், ஆற்றங்கரையில் கட்டியது. பீரங்கி வண்டிகளைக் கரையில் இறக்குவதற்கான கப்பல், அடிப்பாகம் தட்டை. கரையேறுவதற்கென்றே பிறந்த கப்பல் என்று சொல்லலாம். ஒகினாவாவில் சண்டை பார்த்தது. பிறகு வியட்நாமில். 1970இல் தென்வியட்நாமுக்குக் கொடுத்தார்கள். 1975இல் சைகோன் விழுந்தபோது அகதிகளோடு பிலிப்பைன்ஸுக்குத் தப்பி வந்தது. 1999 மே 9 அன்று பிலிப்பைன்ஸ் கடற்படை அதை வேண்டுமென்றே இந்தத் திட்டில் ஏற்றி நிறுத்தியது. அதற்கு நாலு வருடம் முன்பு பக்கத்து மிஸ்சீஃப் ரீஃபில் மீனவர் தங்குமிடம் என்று சொல்லிச் சீனா குடிசை போட்டிருந்தது. அடுத்த திட்டுக்கும் வராமல் இருக்க இந்த ஏற்பாடு. குடிசை போட்ட இடத்தில் இன்று விமான ஓடுதளம் இருக்கிறது.

கப்பல் ஓட்டை ஓட்டையாகத் துருப்பிடித்துவிட்டது. படங்களில் பார்த்தால் வயிறு கலங்கும். பழைய கப்பலின் துரு வாசனை மூக்கில் ஏறியவனுக்குத்தான் அது புரியும். உள்ளே ஒரு சிறு படைப்பிரிவு இருக்கிறது, தூண்டில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு. ஆனால் அது பதிவில் இன்னும் பணியிலுள்ள போர்க்கப்பல். அதை நீக்கவேயில்லை. பணியிலுள்ள போர்க்கப்பலைத் தாக்கினால் 1951ஆம் வருடத்து அமெரிக்க - பிலிப்பைன்ஸ் பாதுகாப்பு ஒப்பந்தம் எழுந்துகொள்ளும். ஆக, ஒரு நாட்டின் கடல் உரிமை, ஒரு வல்லரசின் வாக்குறுதி, இன்னொரு வல்லரசின் தயக்கம் எல்லாம் பதிவேட்டில் உள்ள ஒரு வரியின் மேல் நிற்கின்றன. அந்த வரி உண்மையாக இருக்க வேண்டுமென்றால் கப்பல் இடிந்து விழாமல் இருக்க வேண்டும். அதனால்தான் சீனா அரிசி போவதைவிட சிமென்ட் போவதை உன்னிப்பாகப் பார்க்கிறது. வெல்டிங் செய்பவன் கையில் இருக்கிறது உலக ஒழுங்கு என்று நான் சொன்னால் மிகையாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் அந்தத் திட்டில் அது அப்படியேதான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், 2016 தீர்ப்பு இந்தக் கப்பலைச் சுற்றிய மோதலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. ராணுவ நடவடிக்கை என்றால் மன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற விலக்கைச் சீனா 2006இலேயே எழுதிக் கொடுத்திருந்தது. இந்தத் திட்டு பிலிப்பைன்ஸின் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கிறது என்று சொன்ன மன்றம், அங்கே நடப்பதைப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டது. சட்டப்படி சரியான முடிவுதான்.

2024இல் சாமான் கொண்டுபோன படகுகள் மேல் தண்ணீர்ப் பீரங்கி அடித்தார்கள், கண்ணாடி உடைந்தது, ஆட்கள் காயப்பட்டார்கள். ஜூன் 17 அன்று சீனக் கடலோரக் காவல்படையினர் கத்தி, கோடாலியோடு பிலிப்பைன்ஸ் ரப்பர் படகுகளை மறித்து ஏறினார்கள். ஒரு மாலுமிக்கு வலது கட்டைவிரல் போனது. அதற்கு இரண்டரை வாரம் முன்பு சிங்கப்பூரில் மார்கோஸ் பேசியிருந்தார்: வேண்டுமென்றே ஒரு பிலிப்பினோ கொல்லப்பட்டால் அது போர் நடவடிக்கைக்கு மிக அருகில் என்று. விரல் எந்தக் கணக்கில் வரும் என்று அவர் சொல்லியிருக்கவில்லை. ஜூலையில் இரு தரப்பும் ஒரு தற்காலிக ஏற்பாட்டுக்கு வந்தார்கள், சாமான் போக ஆரம்பித்தது.

நான் கரைக்கு வந்து சில வருடமாகிறது. பழைய சகாக்கள் இன்னும் கடலில். 2024 தொடக்கத்தில் செங்கடலில் ஏமனின் ஹூத்திகள் வணிகக் கப்பல்களை அடித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் கருவியின் திரையைப் படம் பிடித்து அனுப்பினான். சுற்றியுள்ள கப்பல்களின் அடையாளத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியில் கப்பல்கள் போகுமிடம் எழுதும் கட்டத்தில் துறைமுகப் பெயருக்குப் பதிலாக 'எல்லோரும் சீன மாலுமிகள்' என்று போட்டிருந்தார்கள். ஒன்றல்ல, பல கப்பல்கள். கடலில் எல்லோருக்கும் வழி உண்டு என்ற சட்டத்தின் பெயரைச் சொன்னால் குண்டு நிற்காது, பெய்ஜிங் பெயரைச் சொன்னால் ஒருவேளை நிற்கும் என்று அந்த கேப்டன்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் எழுதியிருப்பேன்.

2025இல் வட்டம் இன்னொரு சுற்று வந்தது. ஏப்ரலில் டிரம்ப், ஆழ்கடல் தரையின் கனிமங்களை எடுக்க அமெரிக்கச் சட்டத்தின் கீழேயே அனுமதி தரும்படி ஆணை போட்டார், அந்தத் தரையை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று வைத்திருக்கும் ஜமைக்காவிலுள்ள ஐ.நா. வழி அமைப்பை ஒதுக்கிவிட்டு. இது சர்வதேசச் சட்டத்தை மீறுகிறது என்று முதல் ஆட்களில் ஒன்றாகக் குரல் கொடுத்தது சீன வெளியுறவு அமைச்சகம். செப்டம்பர் 2 அன்று கரீபியனில் போதைப்பொருள் கடத்தியதாகச் சொல்லி ஒரு படகை அமெரிக்கா குண்டு வீசித் தகர்த்தது, 11 பேர் இறந்தார்கள். நிறுத்திச் சோதிப்பது, கைது, விசாரணை எதுவுமில்லை. அதே செப்டம்பரில் சீனா கர்புரோவை தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தது. 2012இல் அந்த எட்டுப் படகுகளிலிருந்த ராட்சதச் சிப்பிகளை நினைத்துக்கொண்டேன்.

போசன் ஓய்வுபெற்று சம்பாலேஸில் இருக்கிறார். தம்பி இன்னும் கடலுக்குப் போகிறான், குளத்துக்குள் விடுவதில்லை, வெளியே தூரத்தில் போடுகிறான், எண்ணெய்ச் செலவுக்குக் கட்டவில்லை. 2025 ஆகஸ்டில் ஒரு காணொளி அனுப்பினார், கூட ஒரே வரி: "செக், இங்கே யார் யாருக்கு வழிவிடணும்?"

ஆகஸ்ட் 11, கர்புரோவுக்கு அருகே. மீனவர்களுக்கு எண்ணெயும் ஐஸும் கொடுக்கப் போன சுலுவான் என்ற 44 மீட்டர் பிலிப்பைன்ஸ் ரோந்துக் கப்பலைச் சீனக் கடலோரக் காவல்கப்பல் 3104 துரத்துகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து சீனக் கடற்படையின் நாசகாரிக் கப்பல், 164 என்ற எண், குறுக்கே வெட்டுகிறது. சுலுவான் நழுவிவிட்டது. இரண்டு சீனக் கப்பல்களும் ஒன்றோடொன்று மோதின. காவல்கப்பலின் முன்மூக்கு காகிதம் போலக் கசங்கிப் போனது. மோதலுக்குச் சற்று முன் அந்த மூக்கில் ஆட்கள் நிற்பது காணொளியில் தெரிகிறது. நான் அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். விதி 7, விதி 8, விதி 15 என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு, ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது. மூக்கில் நின்றவர்களைப் பார்த்ததும் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிக்கவில்லை. கடல்சட்ட உடன்படிக்கையில் 98ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஆபத்திலிருப்பவருக்கு உதவ வேண்டும் என்பது. துரத்தியது யார், துரத்தப்பட்டது யார் என்று அது கேட்பதில்லை. சுலுவான் வானொலியை எடுத்து 3104ஐக் கூப்பிட்டது. கடலில் விழுந்தவர்களைத் தேடித் தூக்க உதவுகிறோம், காயம்பட்டவர்களுக்கு மருத்துவ உதவி இருக்கிறது என்றது. பதில் வரவில்லை.